முற்றத்துப் பானை

வேப்பமரத்தடியில் தோண்டத் தொடங்கினார்கள்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக நாலு பேர். போர் நடந்தபோது சூடானின் கார்ட்டூமில் மையவாடிக்குப் போக வழியில்லை. செத்தவர்களை அவரவர் முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள். இப்போது வீடு வீடாக வந்து எடுத்து மையவாடிக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஊரே ஓடியபோது அவள் ஓடவில்லை.

ரொட்டி வாங்கப் போன மகன் மஹ்ஜூபைப் பாலத்தருகே சீருடைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மகன் திரும்பி வந்து தட்டினால் கதவைத் திறக்க ஆள் வேண்டாமா என்று கேட்டாள்.

போர் ஓய்ந்து திரும்பிய பக்கத்து வீட்டு பதூல்தான் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். முற்றத்துப் பானையைத் தெருவில் வை என்றாள். இறந்தவர் பெயரால் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது அங்கே வழக்கம்.

வைக்கமாட்டேன் என்றாள் இவள். வைத்தால் மகன் செத்துவிட்டான் என்று அவளே ஊருக்குச் சொன்னதாகிவிடும். வீம்புக்காரி என்றார்கள். வீம்புதான். அதையும் விட்டால் அவளிடம் வேறு என்ன இருந்தது?

மண்வெட்டியின் சத்தம் நின்றது. ஒருவன் கையால் மண்ணை அள்ள ஆரம்பித்தான்.

போர்க்காலத்தில் அன்றும் இப்படித்தான் உச்சிவெயில். யாரோ கதவைத் தட்டினார்கள். விழுந்தடித்து ஓடி, இடுக்கு வழியே பார்த்தாள்.

மகன் இல்லை. மகன் வயதுப் பையன். மகனைக் கொண்டுபோனவர்களின் அதே சீருடை. வயிற்றைப் பொத்தியிருந்த கையெல்லாம் ரத்தம்.

தண்ணீர் கேட்டான்.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

கையை எடுத்துவிட்டாள்.

பயம் இல்லை. வஞ்சம்தான்.

இரண்டு நைலும் கூடும் ஊர். கூப்பிடு தூரத்தில் ஆறு. முற்றத்துப் பானை நிறையத் தண்ணீர். அவன் ஒரு மிடறு கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாலைத் தொழுகைக்குள் குரல் அடங்கிவிட்டது.

அப்புறம்தான் திறந்தாள்.

சீருடையைக் கழற்றி எரித்தாள். அவனைக் குளிப்பாட்டப் பானைத் தண்ணீர் முழுவதும் தேவைப்பட்டது. மஹ்ஜூபின் வெள்ளை அங்கியில் சுற்றி, தன்னந்தனியாகக் குழி தோண்டினாள். தாய் எவளோ என்று அழுதாள். அழ வெட்கமாகவும் இருந்தது.

முகமூடிக்காரன் ஒருவன் அவளிடம் வந்து குனிந்தான்.

"உம்மா, இது யாரு? பேர் தெரியலன்னா மையவாடியில கடைசி மூலைதான். அங்க பேர் எழுதமாட்டோம்."

ஆற்றுக்கு அக்கரையில் யார் வீட்டு முற்றத்திலோ மஹ்ஜூபும் கிடக்கலாம். அங்கேயும் ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்திருக்கலாம். அவளிடமும் இதையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"என் மகன்," என்றாள். "மஹ்ஜூப்."

அவர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வந்த பதூல் தெருவிலேயே நின்றுவிட்டாள். கதவை ஒட்டிப் பானை. மேலே குவளை. முற்றத்திலிருந்து அதை இழுத்து வந்த தடம் மண்ணில் நீளமாகக் கிடந்தது.

ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டாளே என்று பதூல் நினைத்துக்கொண்டாள். ஒரு குவளை மொண்டு குடித்தாள். கை ஏந்தினாள்.

"மஹ்ஜூபுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும்."

வாசற்படியில் இருந்தவள் ஆமீன் சொல்லிவிட்டு, குவளையைத் துடைத்துப் பானை மேல் வைத்தாள்.

"அந்தப் பிள்ளைக்கும்," என்றாள் அவள்.