வயிற்றில் பசை

டாக்டர் லட்சுமிகாந்தம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பக்கத்தில் லேப் டெக்னீஷியன் செல்வலட்சுமி நின்றிருந்தாள்.

ஸ்லைடில் இருந்தது அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷனில் எடுத்த குடல்வால். லேபில் அவளே வெட்டி, அவளே சாயமேற்றியது. அடுத்தவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

அதில் இருந்த கட்டி மெதுவாக வளரும் வகைதான். ஆனால் குடல்வால் கிழிந்து, உள்ளே திரண்டிருந்த கூழ் வெளியே வழிந்திருந்தது. அந்தக் கூழில் கட்டியின் செல்கள் இருந்தால் வயிறெங்கும் ஒட்டிக்கொண்டு கூழாகவே சுரக்கும். மறுபடி பெரிய ஆபரேஷன். வெறும் கூழ் என்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

டாக்டர் எழுந்து, அவளையே பார்க்கச் சொன்னார்.

வெளிறிய நீலக் கூழ். ஓரம் ஓரமாகத் தேடினாள். ஒரு செல்கூட இல்லை.

வெளியே பெஞ்சில் அம்மா பஞ்சம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தாயில்பட்டியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிய கையோடு சோறு தின்று தின்று, மைதாப் பசை வயிற்றில் சேர்ந்துவிட்டதாம். ஊரிலும் இதே கதைதான். தெருப் பெண்கள் இப்போது சோப்புப் போட்டுக் கழுவாமல் தூக்குவாளியைத் தொடுவதில்லை.

செல்வலட்சுமி அம்மாவைத் தனியே அழைத்து, பரவவில்லை என்றாள். அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இத்தனை நாள் கூச்சத்தில் சொல்லாததையும் செல்வலட்சுமி சொல்லிவிட்டாள். இது பசையால் வந்ததில்லை. பசையைத் தொடாதவர்களுக்கும் வரும்.

அம்மா சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்? ஊரே புரோட்டா திங்குது, மைதா யாருக்குச் செமிக்கல? உங்க அய்யாகிட்ட மட்டும் சொல்லிராத தாயி."

பத்தாவது முடித்த தங்கை பாண்டிச்செல்வியை இந்த சீசனிலிருந்து குழாய் உருட்ட உட்கார வைப்பதாக இருந்தார் அய்யா. போன வாரம் அவரே பசைச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பு யூனிபாரத்துக்குத் துணி எடுத்து வந்தார்.

பெஞ்சிலிருந்த பெண் எட்டிப் பார்த்து, பசை முழுக்க வெளியே எடுத்தாயிற்றா என்று கேட்டாள்.

"அம்புட்டும் எடுத்தாச்சுக்கா" என்றாள், பி.எஸ்சி. படித்த செல்வலட்சுமி.