தோவாவின் கால்சட்டை

மலைச்சாலையின் வளைவில் தோவாவின் சைக்கிள், அரிசி மூட்டைகளோடு மண்மேட்டில் சாய்ந்து நிற்கிறது. முன்சக்கர ட்யூப் வெடித்துவிட்டது. மழை விட்ட இலைகளின் இடுக்கில் மாலை வெயில் மஞ்சளாகக் கசிகிறது. மலைக்கு அப்பால் தியன் பியன் பூவில் பீரங்கிகள் உறுமுகின்றன. இந்த அரிசி போய்ச் சேர்ந்தால்தான் அங்கே பதுங்குகுழியில் கிடக்கும் வியட்நாம் படைப் பிள்ளைகளுக்கு உலை கொதிக்கும். தோவா தன் கால்சட்டையில் மிச்சமிருக்கும் ஒரு காலையும் முழங்காலளவில் கிழித்து, சுருட்டி, டயருக்குள் திணிக்கிறாள். மற்றக் கால் நேற்றே பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. தலைக்கு மேல் பிரெஞ்சு விமானம் வட்டமிடுகிறது. சுமை சைக்கிள்காரர்கள் எல்லாரும் மரத்தடியில் மூச்சடக்கி நிற்க, அவள் கை மட்டும் ஓயாமல் திணிக்கிறது. பின்சைக்கிள்காரன் பாவ் கிசுகிசுக்கிறான்: “அக்கா, இப்படியே போனா ஜெயிக்கிற அன்னைக்கு உன் இடுப்புல ஒண்ணும் இருக்காது.” அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள்: “உனக்கென்னடா கவலை? பிரெஞ்சுக்காரன்தான் தினமும் அவன் ஆளுங்களுக்குப் பாராசூட்டுல சாமான் இறக்குறானே. ஓடுறப்ப அத்தனை துணியையுமா சுருட்டிக்கிட்டுப் போவான்? பட்டு மாதிரித் துணி. உனக்கும் சேர்த்தே தைக்கிறேன்.” விமானச் சத்தம் தேய்வதற்குள், தள்ளுவதற்காகக் கைப்பிடியில் கட்டிய மூங்கிலைப் பிடித்து, மூட்டைக்குத் தோள் கொடுக்கிறாள். ஏற்றத்தில் சக்கரம் உருள்கிறது.