திட்டாத வீடு

என் கணவர் தனபாலின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது. ஆராய்ச்சி டாக்டர்கள் அதற்குள் கடுகளவு கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறினால் எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கும் பெட்டி கத்தும். உடனே ஆஸ்பத்திரியிலிருந்து பியூலா சிஸ்டர் போனில் வந்து, "அவரை டென்ஷன் பண்ணுனீங்களா?" என்று என்னைத்தான் கேட்பார்.

இவர் கிரிக்கெட் பார்த்தால் கத்தும். இவர் தங்கை வந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினால் கத்தும். பழி மட்டும் எனக்கு. ஆறு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இன்று காலை மனிதர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார். மேல்தொட்டி நிரம்பி, தண்ணீர் தெருவில் ஓடியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆறு மாதத்துக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். பாதியில்தான் பெட்டி ஞாபகம் வந்தது. சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

பெட்டி சத்தமே போடவில்லை. அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். போன்தான் அடித்தது. பியூலா சிஸ்டர்.

"அக்கா, இப்ப என்ன பண்ணுனீங்க? அவருக்கு அழுத்தம் இவ்வளவு இறங்குனதே இல்லீங்க."

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். "ஏனுங்க, நான் திட்டுனது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. ஆறு மாசமா நீ ஒரு வார்த்தை திட்டல. டாக்டருங்க எனக்கு நாள் குறிச்சுட்டாங்க, நீதான் மறைக்கறேன்னு நெனச்சுட்டேன்."

அவர் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கி வைத்தேன்.

"முதல்ல போய் அந்த மோட்டாரை நிறுத்துங்க," என்றேன்.