கல்லூரி ஞாயிறு

அலபாமாவில், கறுப்பின மக்களின் அந்தச் சின்னத் தேவாலயத்தில் சபை ஆதரிக்கும் கல்லூரிக்கான காணிக்கைத் தட்டு நெருங்கியதும், சபைப் பொறுப்பாளரான டீக்கன் கிளியோஃபஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தட்டு வந்தா மட்டும் கண்ணு தெரியாதோ?” என்றாள் தட்டேந்தி நின்ற சிஸ்டர் வெர்லீன்.

“நம்ம காலேஜுக்கு நாலு வருஷமா காசு அழுதாச்சு! அங்க யாரு படிக்கிறா? நம்ம காசுல ஆட்டம்தான் போடுறாங்க.”

“நம்ம சபை படிக்க வச்ச ஆளு பட்டம் வாங்கியாச்சு. இப்ப மேடைக்கு வரும், அதுகிட்டயே கேளுங்க.”

“கேக்காம விடுவேனா?”

பாஸ்டர் கைதட்டி அழைத்தார். பாடகர் குழுவின் பின்வரிசையிலிருந்து பட்டமளிப்புத் தொப்பியோடு இறங்கி வந்தவள், கிளியோஃபஸின் மனைவி எர்னஸ்டீன். வயது அறுபத்தாறு. சபையே எழுந்து ஆர்ப்பரித்தது.

கிளியோஃபஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அடிப்பாவி! தினமும் பாட்டுப் பயிற்சின்னுதானே போன?”

“உண்மையைச் சொல்லியிருந்தா, இந்த வயசுல எதுக்குன்னு கேட்டிருப்ப.”

கேட்டிருப்பார்தான். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் கைதட்டிக்கொண்டே நின்றார்.

“போதும், உட்காரு,” என்றாள் எர்னஸ்டீன். “எம்.ஏ.வுக்கும் இடம் கிடைச்சிருக்கு.”

கைதட்டல் நின்றது. கிளியோஃபஸின் கை தானாகவே மணிபர்ஸைத் தேடிப் போனது.