மந்திக்குப் பதில் யானைக்குட்டி

காட்டின் கூடைப்பந்து அணிக்குக் கரடிதான் பயிற்சியாளர். ஒருநாள் மலையடிவார அணியிலிருந்து நரி பேரம் பேச வந்தது.

"உங்க மந்தியைக் குடுங்க. பதிலுக்கு எங்க யானைக்குட்டியை வச்சுக்கங்க. நின்ன இடத்துலேருந்தே அதோட தும்பிக்கை கூடையைத் தொடும்."

"பந்தைப் பிடிக்கத் தெரியுமா?"

"இன்னும் இல்லை. ரெண்டு வருஷம் பழக்கினா வந்துரும்."

கரடி பெருமூச்சு விட்டது. குட்டிகளைப் பழக்கிப் பழக்கியே அது ஓய்ந்துபோயிருந்தது. மந்தியிடம் அந்தப் பாடெல்லாம் இல்லை. ஆமை எப்போது பந்தைத் தரும், முயல் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

"எங்களுக்கு மந்தியே போதும்" என்று நரியை அனுப்பிவிட்டு, சேதியைச் சொன்னால் மந்தி துள்ளிக் குதிக்கும் என்ற நினைப்போடு மைதானத்துக்குப் போனது.

வீங்கிய முழங்கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த மந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

"என்னை அனுப்பியிருக்கலாமே அண்ணே. அங்கே பாதி ஆட்டம் உக்கார வைப்பாங்களாம். இங்கே ஆறு வருஷமா நான் ஒரு ஆட்டத்துலயும் உக்காரலை."

"இதை நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணே."

கரடி மலைப்பாதையைப் பார்த்தது. நரி எப்போதோ போய்விட்டிருந்தது. கரடி கீழே உட்கார்ந்து, மந்தியின் முழங்காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தது.