அக்கா சொல்லாத பெயர்

சிங்கப்பூரிலிருக்கும் தன் புருஷனிடம் அக்கா விமானத்தில் போவதற்கான விதிகளை நான்தான் குறித்துவைத்தேன். மாலை வகுப்பில் கற்ற என் இங்கிலீஷ்மேல் எனக்கே சந்தேகம். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்தேன். பெட்டி இருபது கிலோதான். பட்டு நெசவாளர் சங்கத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அம்மை ஊசிச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

மீனம்பாக்கத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்து, "புருஷன் பேர் என்னம்மா?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வழக்கத்துல சொல்லமாட்டோம்."

"சொல்லாம உள்ள விடமாட்டேன்."

"மாணிக்கவாசகம் சார்!" தடுப்புக்கு வெளியிலிருந்து அப்பா கத்தினார்.

"நீ சும்மா இருய்யா. அவங்க சொல்லட்டும்."

அக்கா வாயே திறக்கவில்லை. விமானம் போய்விட்டது.

காஞ்சிபுரம் பஸ்ஸில் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "படிச்சவனாம்! பேர் கேப்பாங்கன்னு எழுதி வச்சியாடா?"

அவர் டீ குடிக்க இறங்கியதும் அக்காவிடம் சீறினேன். "ஒரு தடவை சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"மாணிக்கவாசகம், மாணிக்கவாசகம், மாணிக்கவாசகம்! போதுமாடா?" என்றாள் அக்கா. "அந்த மாணிக்கவாசகத்துக்கு அங்க இன்னொரு பொண்டாட்டி இருக்குது. அப்பாகிட்ட சொன்னேன். 'அனுசரிச்சிக்கினு போ'ன்னாரு."