துவைப்பவளின் வலது கண்

கோபிசெட்டிபாளையம் கடைவீதி மாடியில் இருக்கும் அழகு நிலையத்தில் மதியம் மூன்று மணி. ஃபேஷியல் க்ரீமின் வாசனையோடு, வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடியும் கலந்து நிற்கிறது. நிலையத்தை நடத்தும் சண்முகப்பிரியா, பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். அந்த ஓவியத்தில், நாளெல்லாம் துணி துவைத்த ஒரு பெண், தொட்டியோரம் ஈரக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் அவளுடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது. முகம் வரையக் கற்றே தீருவது என்று சண்முகப்பிரியா இதைத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. இன்றுதான் வலது கண் முடிந்திருக்கிறது. புருவம் திருத்திக்கொள்ள வந்த கீதா நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, கண்ணு என்ன அழகுங்க! கல்யாணப் பொண்ணாட்டமே இருக்குதுங்க." சண்முகப்பிரியாவின் தூரிகை நிற்கிறது. அச்சுப்படத்தையும் கேன்வாஸையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவள் வரைந்த கண்ணில் இமையோரக் கோடு கூர்மையாக ஓடுகிறது, கீழே ஒரு நிழலும் இல்லை. சின்னக் கத்தியை எடுத்து, ஈரம் காயாத அந்தக் கண்ணை ஒரே இழுப்பில் வழித்துவிடுகிறாள்.

"ஐயோ, நல்லாத்தானுங்க இருந்துச்சு! எதுக்குங்க அழிச்சுப்போட்டீங்க?"

"இந்தம்மா வேலை செஞ்சு ஓஞ்சு உக்காந்திருக்குது அம்மணி. நான் மேக்கப் போட்டு உட்டுப்போட்டேன்."

கத்தியைத் துணியில் துடைக்கிறாள். பழுப்பில் கொஞ்சம் பச்சையைக் குழைத்து, பதினெட்டு வருஷமாக எத்தனையோ முகங்களில் மறைத்தே பழகிய கருவளையத்தை முதலில் வைக்கிறாள்.